உச்சமுனையில் நான் தேய்த்த கல்

எங்கள் குடும்பத்தின் வம்சாவளியை எழுதத் தொடங்கியபோது என் பூட்டனார் இறந்த ஆண்டு மட்டும் கிடைக்கவில்லை. அவரைக் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள உச்சமுனையில் அடக்கம் செய்ததாக வீட்டில் சொல்லுவார்கள். கொழும்புக் கந்தோரில் நாலு நாள் லீவு எடுத்து, ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் சென்ற வருடம் புறப்பட்டேன். திரும்பி வந்த நாளிலிருந்து இதை எழுத வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன்.

காலை ஆறு மணி ரயில் பன்னிரண்டரைக்குப் புத்தளம் சேர்ந்தது. யுத்தத்தால் பெற்றோல் பங்கீடு. கற்பிட்டிக்கு ஒரே ஒரு பஸ்தான், மூன்று மணிக்கு. சுமார் முப்பது மைல், எண்பது சதம். பஸ்ஸில் கருவாட்டு மூட்டைகளுக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. இரவு கற்பிட்டியில் தங்கி, மறுநாள் ஆறரைக்குக் காசிம் நானாவின் பாய் வள்ளத்தில் ஏறினேன். போக வர மூன்று ரூபாய். காற்று வாய்த்ததால் இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிட்டோம்.

மாதா கோயிலுக்குப் பின்னால் நூறு யார் தூரம் நடந்தால் கல்லறைகள் உள்ள சேமக்காலை. பூட்டனாரின் கல் நல்ல கருங்கல். பத்து நிமிடத்தில் பெயரையும் ஆண்டையும் கொப்பியில் எழுதிவிட்டேன். அதோடு திரும்பியிருக்கலாம். அடுத்த கல்லின் மேல் வரியில் ‘வெரோனிக்காள்’ என்று தெரிந்தது. எங்கள் குடும்பத்திலும் உள்ள பெயர். கீழே இரண்டு வரிகள் பாசிக்குள் மறைந்திருந்தன. கடலில் எடுத்த முருகைக்கல்லில் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரம் காயுமுன் கீறிய எழுத்து அது. நான் தேய்ப்பதற்குத் தேங்காய் நார்ப் பொச்சும் ஈர மணலும் எடுப்பதைக் காசிம் நானா பார்த்தார்.

“மாத்தயா, அது சாந்து. தண்ணிய ஊத்தி மெல்லமாத் தொடைங்க. தேய்ச்சா உதிரும்.”

வள்ளம் ஓட்டுகிறவருக்குக் கல்லெழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காகவே என்னை அறையலாம். தேய்த்தேன். பாசியோடு சாந்தும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மேல் வரி தப்பியது. கீழ் வரிகள் முழுதும் போயின; அவற்றில் ஓர் எழுத்தையும் நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வேகமாக வந்தார். மதலேன் அக்கா, கருவாடு காயப்போடுகிறவர், ஐம்பது வயதிருக்கும்.

“ஐயா கல்லு வாசிக்கிறவராமே. இது எங்கட அம்மாட கல்லு. சுத்தமாக்கினீங்களா? உங்களுக்குப் புண்ணியம். கீழ அப்பா என்னமோ எழுதிவச்சவர். எனக்கு எழுத்துத் தெரியாது.”

“கோயில் சுவாமியாரிடம் கேட்கவில்லையா?” என்றேன். நேரம் கடத்தத்தான்.

“கேக்கப் பயம் ஐயா. என்னப் பெத்துத்தானே அம்மா செத்தவ. அப்பா கடல்ல மாண்டு போகும்வரைக்கும் எனக்கு முகம் குடுத்துக் கதைக்கல்ல. என்னால செத்தா எண்டுதான் எழுதியிருப்பாரோ எண்டு பயம். இப்ப வயசும் போச்சு. சொல்லுங்க, கேக்கிறன்.”

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான் சொன்னது: “‘என் அன்பு மனைவியும் அவள் தந்த மகளும் ஆண்டவர் காவலில்’ என்றிருக்கிறது.”

“மெய்தானா ஐயா?”

“ஓம்.”

அவர் மணலில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்துபோய் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். அதையும் குடித்தேன்.

திரும்பிக் கற்பிட்டியில் இறங்கியதும் காசிம் நானா, “அழிஞ்சி போச்செண்டு சொல்லியிருக்கலாம் மாத்தயா” என்றார்.

கல்லறை எழுத்துகளைப் பிரதி எடுக்கப் போகிறவர்கள் வள்ளத்தை முதல் நாளே பேசிவையுங்கள், குடிதண்ணீர் கொண்டுபோங்கள். கல்லைத் தொடுமுன் தெரிவதை அப்படியே எழுதுங்கள். பாசிக்கு மெல்லிய தூரிகையும் தண்ணீரும் போதும். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். ஊர்க்காரர் வேண்டாம் என்றால் கையை எடுங்கள்.

உச்சமுனைக்குப் போனால் மதலேன் அக்கா உங்களையும் அந்தக் கல்லை வாசிக்கக் கேட்கக்கூடும். என்ன சொல்லுவீர்களோ, தெரியாது. அவர் பயந்ததுபோல் அந்தத் தகப்பன் எழுதியிருக்கலாம். நான் சொன்னதைவிட நல்லதாகவும் எழுதியிருக்கலாம். நல்லதாக எழுதியிருந்தால், மகள் ஐம்பது வருடம் பயந்து பயந்து கடைசியில் கேட்க வந்த அன்று, அதை அழித்தவன் நான்.