அத்தை தயாரித்த காதலன்

அவளுக்கு வைத்த பெயரைச் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. வாயாடி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வீண் பேச்சு பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், அவ்வளவுதான். பெரியவர்கள் இருக்கிற குடும்பத்தில் பட்டப்பெயர் வாங்க அது போதாதா?

பள்ளிக்கூடம் முடிந்ததும் அப்பா அவளைக் கொண்டுபோய் வணிகவியல் படிப்பில் சேர்த்தார். அப்பா பேருந்து ஓட்டுநர். எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது ஓட்டுநர் வேலை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு வருடம்கூட முழுதாகப் போகவில்லை. "எனக்கு இது ஏறலப்பா. சும்மா பெஞ்சைத் தேய்ச்சுட்டு வரேன்" என்று சாப்பாட்டு மேசையில் போட்டு உடைத்தாள். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. அவள் அதற்குள் அம்மாவின் பழைய போனைக் கழற்றிப் போட்டு, வீடியோ பார்த்துப் பார்த்து மறுபடி மாட்டியிருந்தாள். மாட்டியது வேலை செய்யவில்லை. விடுவாளா? அடுத்த போன் வேலை செய்தது. இப்போது இருபத்தொரு வயதில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒடுக்கமான தெருவில், போன் பழுது பார்க்கும் கடையில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி.

காதல் விஷயத்திலும் அப்படித்தான். போன வருடம் ஒருவனோடு பழகினாள். ஒளிவு மறைவெல்லாம் இல்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பழகினாள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற அம்மா, அதைக் கேட்டதும் தையல் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். பிறகு இருவருக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்தார்கள். வாயாடி ஒரு நாள் அழுதாள், மறுநாள் வேலைக்குப் போனாள். "இவ்வளவுதானா?" என்று அம்மா கேட்டாள். அம்மா காலத்தில் இதற்கெல்லாம் வீடே இழவு வீடாகியிருக்கும். "வேற என்னம்மா பண்ணணும்? ஒத்து வரல. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்குமா?" என்றாள் மகள். அம்மா இந்தச் சங்கதியை அப்பாவின் காதில் போடவே இல்லை.

ஆனால் அத்தை மோப்பம் பிடித்துவிட்டாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டு மாடியில் இருக்கிறாள். பகலில் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். டாக்டர்களே அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள் என்றால் தம்பி எம்மாத்திரம்!

இந்த நேரத்தில்தான் வாயாடிக்கு வேறொரு நகரத்தில் இடம் கிடைத்தது. மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் படிப்பு. தலையால் தண்ணீர் குடித்து நுழைவுத் தேர்வு எழுதி வாங்கிய இடம். விடுதியில் சேர வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் வந்தாக வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பா "பாக்கலாம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மாட்டேன் என்று அர்த்தம்.

அத்தை ஒரு யோசனை சொன்னாள். "அவ போன்ல பையனுங்களோட பேசற ஆப் வச்சிருக்கா. நான் ஒரு பையன் மாதிரி பேசிப் பாக்கறேன்டா. அவ விழுந்துட்டா, ஊரும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்." அப்பாவும் தலையை ஆட்டினார். வளர்ந்த மனிதர்கள் செய்கிற வேலையா இது? செய்தார்கள்!

ஹெல்மெட் போட்ட எவனோ ஒருவனின் படத்தைத் தேடிப் போட்டு, வயது இருபத்தைந்து, இயந்திரங்கள் பிடிக்கும் என்று எழுதினாள் அத்தை. தூக்கி வளர்த்த பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று தெரியாதா? வாயாடியும் பேச ஆரம்பித்தாள். ஹெல்மெட்காரன் வழிந்து பேசவில்லை, அசிங்கமாக எதுவும் கேட்கவில்லை. இன்று கடையில் எந்த போன் மல்லுக்கட்டியது, எப்படிச் சரி செய்தாய், கண் வலிக்கவில்லையா என்றெல்லாம் கேட்டான். வீட்டில் ஒருவர்கூட இதை அவளிடம் கேட்டதில்லை. ஒருநாள் அவள் அவனுடைய படிப்பைப் பற்றிக் கேட்டாள். பதில் வர வெகுநேரம் ஆனது. ஆசைப்பட்டேன், பாதியில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று வந்தது. வாயாடிக்கு மனசு என்னவோ செய்தது. அவனை அவளுக்குப் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. அத்தையின் போன் திடீரென்று அசையாமல் நின்றுவிட்டது. அந்தக் குடும்பத்தில் போன் நின்றால் நேராக வாயாடியின் மேசைக்குத்தான் வரும், வருடக்கணக்கில் அதுதான் பழக்கம். அத்தையும் மருத்துவமனைக்குப் போகிற வழியில், பழக்க தோஷத்தில், கடையில் போனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். திறக்கிற எண்ணைக்கூட அவளே சொல்லிவிட்டுப் போனாள். பாதித் தெரு தாண்டிய பிறகுதான் அந்தப் போனுக்குள் என்ன இருக்கிறது என்று உறைத்ததாம். திரும்பி ஓடி வருவதற்குள், போனில் எதெது இடத்தை அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த வாயாடிக்கு, அந்தத் திரையில் தன் படமும் ஹெல்மெட்காரனுக்குத் தான் எழுதியதெல்லாமும் தெரிந்துவிட்டன.

"அது வந்து..." என்று ஆரம்பித்தாள் அத்தை.

"வேலைக்கு நேரமாச்சு, போங்க அத்தை. சாயந்திரம் பேசிக்கலாம்" என்றாள் வாயாடி. அத்தை போனதும் விளக்கை அணைத்துவிட்டு அழுதாள். இல்லாத ஒருத்தனுக்காக அழுகை வந்ததில்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

சாயந்திரம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் போனை மேசை நடுவில் வைத்தாள்.

"இந்தாங்க அத்தை, உங்க பையன். சரி பண்ணிட்டேன்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயாடி ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சீ, பெத்த பொண்ணுக்கு வலை விரிப்பீங்களா?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

அப்பாவோ பிடித்த பிடியை விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். இவ பேசினாளா இல்லையா?"

"பேசினேன். இதுக்கு முன்னாடி வேற ஒருத்தனோட பழகவும் செஞ்சேன். ஒத்து வரல, விட்டுட்டோம். இனிமேலும் பிடிச்சவங்களோட பழகுவேன். உங்ககிட்ட மறைக்க மாட்டேன், அனுமதியும் கேக்க மாட்டேன். அதுக்கும் நான் படிக்கிறதுக்கும் என்னப்பா சம்பந்தம்? யாரையாவது பிடிச்சா உடனே மூளை கரைஞ்சு போயிடுமா?"

"பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது!"

"பெரியவங்க செய்யற வேலையா அது?" என்று கேட்டுவிட்டு அத்தையின் பக்கம் திரும்பினாள். இப்போதுதான் குரல் உடைந்தது. "பேரு பொய், வயசு பொய், எல்லாமே பொய். வீட்டுல படிப்பை நிறுத்திட்டாங்கன்னு சொன்னீங்களே, அதுவும் பொய்தானே? அதுக்காக நான் எவ்வளவு வருத்தப்பட்டேன் தெரியுமா?"

அத்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பொய் இல்ல" என்றாள்.

அப்பா அவசரமாகத் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

"நர்ஸ் படிப்புக்குப் போயிட்டிருந்தேன். பஸ் ஸ்டாப்புல கூடப் படிச்ச பையன் ஒருத்தன் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். சிரிச்சுட்டே சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள்லேருந்து படிப்பு இல்ல." அத்தை தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "நீதானேடா ஓடிப் போய் அப்பாகிட்ட சொன்ன?"

"எனக்கு அப்போ என்ன வயசுக்கா? எனக்கு என்ன தெரியும்?"

"இப்போ தெரியுமில்ல?"

அத்தை வாயாடியின் தோளைத் தொடப் போனாள். அவள் விலகிக்கொண்டாள்.

"நீங்க செஞ்சது தப்பு அத்தை. உங்களுக்கு நடந்தது கொடுமைதான், அதுக்காக இது சரின்னு ஆயிடாது."

"ஆயிடாது. என்னை மன்னிக்கவும் வேண்டாம்" என்றாள் அத்தை. "விடுதியில சேர்க்க நான் வரேன். பெரியவங்க ஒருத்தர் வந்தா போதும்னுதானே சொன்னாங்க? நானும் பெரியவதான்."

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒரு முறை முட்டிப் பார்த்தார். "அக்கா, தெரியாத ஊரு. அங்க போயும் இவ எவன்கூடவாவது பழகினா?"

"பழகட்டும்டா" என்றாள் அத்தை. "நாங்கல்லாம் யாருகூடவும் பழகாம இருந்து என்னத்தைப் படிச்சோம்?"