செம்பாக்கம் ஏரி முதல் கூடுவாஞ்சேரி வரை: ஓர் இடது காலின் பயணம்

செம்பாக்கத்திலிருந்து மறைமலை நகருக்கு சைக்கிளில் போக வழி கேட்டு ஒரு வாசகர் போன மாதம் எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தால் மனசு வேறெங்கோ போய்விட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, இதே வழியில் நான் ஒரு ட்ரையத்லான் போயிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு வழியைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரையத்லான் என்ற வார்த்தையே அப்போது எங்கள் வாயில் நுழையாது. மறைமலை நகரில் நான் சூப்பர்வைசராக இருந்த உதிரிபாகக் கம்பெனியின் விளையாட்டுக் குழு, எங்கோ படித்துவிட்டு நடத்திய பந்தயம் அது. ‘மூணு வேலை ரேஸ்’ என்றுதான் சொல்லுவோம். செம்பாக்கம் ஏரியில் அரை கிலோமீட்டர் நீச்சல், அங்கிருந்து மறைமலை நகருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் சைக்கிள், பிறகு வந்த வழியே திரும்பிக் கூடுவாஞ்சேரி மைதானம் வரை ஆறு கிலோமீட்டர் ஓட்டம். நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய். அதற்கு ஒரு மஞ்சள் பனியன் உண்டு. கடையில் மொத்தமாகக் கிடைத்த கலர் அதுதான்.

நான் பேர் கொடுத்தது விளையாட்டு ஆசையால் அல்ல, கல்யாண ஆசையால். கூடுவாஞ்சேரி மஞ்சுளாவுடன் எனக்கு நிச்சயமாகியிருந்தது. அடுத்த மாதமே ஸ்கூட்டர் சறுக்கி இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். மஞ்சுளாவின் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார், கட்டுப் பிரிக்கும்போது காலை உற்றுப் பார்த்தார், ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனார். அதோடு தேதிப் பேச்சு நின்றுவிட்டது. கேட்டால் ‘ஆடி போகட்டும், பார்க்கலாம்’ என்பார். சித்திரையிலேயே அப்படிச் சொன்னதுதான் எனக்கு உதைத்தது.

கால் சரியாகிவிட்டது என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார், ஓடிக் காட்டினால் நம்புவார் என்று கணக்குப் போட்டேன். மைதானத்துக்கு வந்து பாருங்கள் என்று சொல்லியனுப்பினேன். அன்றைக்கு ஆடிக் கிருத்திகை, தண்ணீர்ப் பந்தல் வேலை இருக்கிறது, முடிந்தால் வருகிறேன் என்று பதில் வந்தது.

காலை ஆறு மணிக்கு நீச்சல். ஆடியில் ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருக்கும். தண்ணீரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கரையேறும்போதுதான் ஒரு கிளிஞ்சல் குதிகாலைக் கிழித்தது. அதுவும் வலது கால், நல்ல கால் என்று நான் நம்பியிருந்த கால். துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த கேட்டை வாழ்த்தினேன், மூச்சு வாங்க நேரம் கிடைத்ததே. அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு. இன்றைக்குப் பாலமும் லாரியுமாகக் கிடக்கிற ரோட்டை வைத்து அன்றைய ரோட்டை நினைத்துப் பார்க்காதீர்கள். பெருங்களத்தூர் தாண்டினால் இரண்டு பக்கமும் மரங்கள், நிழலிலேயே போகலாம். அந்த நிழலுக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

வண்டலூரில் இடது கெண்டைக்காலில் குரக்களி பிடித்தது. சைக்கிளோடு சாய்ந்தேன். டீக்கடைக்காரர் ஓடி வந்து, “இன்னா சார், காலு கல்லு மாரி கீது? குந்து மொதல்ல” என்று உட்காரவைத்து, கட்டைவிரலைப் பிடித்து என் பக்கமாக வளைத்தார். உயிர் போய் வந்தது. அதற்குள் எல்லா மஞ்சள் பனியன்களும் என்னைத் தாண்டிப் போயிருந்தன. திரும்பிவிடலாமா என்று தோன்றியது. மஞ்சுளாவின் முகம் நினைவுக்கு வந்தது, ஏறி மிதித்தேன்.

மறைமலை நகரில் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு ஷூவை எடுத்தால், கட்டுப்போட்ட கால் உள்ளே போகவில்லை. வெறுங்காலோடு கிளம்பினேன். நூறடி ஓடுவேன், பிறகு நொண்டுவேன். பொத்தேரிக்கு வருவதற்குள் ஓட்டம் முழுக்க நொண்டலாகிவிட்டது.

அங்கேதான் ஆரம்பித்தது வேடிக்கை. திருப்போரூர் முருகனுக்கு நடைப்பயணம் போகிறவர்கள் மஞ்சள் உடையில் அதே ரோட்டில் கூடுவாஞ்சேரி வரை வந்து பிறகு கிழக்கே திரும்புவார்கள். மஞ்சள் பனியன், வெறுங்கால், வலியில் இறுகிய வாய். யார் பார்த்தாலும் நான் கடும் வேண்டுதல்காரன். ஓர் அம்மா சட்டென்று காலில் விழுந்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், “பேச வெக்காதீங்க, சாமி மௌன விரதம்” என்று இன்னொருவர் அதட்டினார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தேன்.

கூடுவாஞ்சேரி எல்லையில் ஒரு தண்ணீர்ப் பந்தல். என்னையும் வரிசையில் இழுத்து நிறுத்தினார்கள். நடந்து வருகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தொட்டுக் கும்பிடுவது அங்கே வழக்கம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் குனிந்த தலை நிமிராமல் செம்போடு வந்துகொண்டிருந்தார். என் காலிலும் ஊற்றினார், இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் இடது காலில் தகடு வைத்துத் தைத்த தழும்பைப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார். மஞ்சுளாவின் அப்பா.

ஓடுகிற காலைக் காட்டத்தான் இத்தனை பாடு. அவர் பார்த்ததோ ரத்தமும் நொண்டலும். கல்யாணம் போச்சு என்று முடிவே செய்துவிட்டேன்.

“ரொம்ப வலிக்குதா?” என்றார்.

“வலிக்குது சார்.”

மறுபடி கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். தழும்பைக் கையால் தடவிவிட்டார். “தொட்டுக் கும்பிட்ட காலு. இனிமே இதுல நான் என்னத்தப் பாக்கறது? மைதானம் இன்னும் ஒரு கிலோமீட்டர்தான். மெதுவா போங்க மாப்பிள்ளை.”

நிச்சயத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். அழுதுவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் பக்தி என்று நினைத்து அரோகரா போட்டார்கள்.

மைதானத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தய முடிவுக்குக் கட்டியிருந்த கயிற்றையே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். என் நேரத்தை யாரும் குறிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி வழி. ஏரியில் இறங்காதீர்கள், கரையோடு சரி. ஞாயிறு காலை ஐந்தரைக்குள் தாம்பரம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிளுக்கு இடம் கிடைக்கும். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள், கால் இழுக்காது. அரை சைஸ் பெரிய ஷூ எடுங்கள், கட்டுப்போட நேர்ந்தாலும் உள்ளே போகும். நடுவில் முடியவில்லை என்றால் நடங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆவணியிலேயே முகூர்த்தம் வைத்தார்கள். மணமேடையில் மாமனார் மாப்பிள்ளை காலைக் கழுவும் நேரம் வந்தது. வலது காலை நீட்டச் சொன்னார் புரோகிதர், நானும் நீட்டினேன். மாமனார் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, இடது காலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார்.