சமையலறையில் சொல்லக்கூடாத வார்த்தை

எங்கள் வீட்டுச் சமையலறையில் எந்தப் பொருளையும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. அரிசி தீர்ந்துபோனால் 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். உப்பு, பருப்பு, மஞ்சள் எல்லாவற்றுக்கும் அதே கதைதான். இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வீட்டில் இல்லாமை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும் என்பது என் அம்மாவின் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் வாய்க்குப் பழகிவிட்டது. சாமி கும்பிடுவதில்கூட நான் அவ்வளவு கறார் கிடையாது, இதில் கறார்.

என் கணவர் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் சேலையூருக்கு வந்த புதிதில், அவர் வேலைக்குக் கிளம்பும்போது "அரிசி நெறைஞ்சிருக்குங்க" என்றேன். "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனவர் சாயங்காலம் வெறும் கையோடு திரும்பி வந்தார். அன்றைக்கு ரவை உப்புமாதான். விஷயம் அவருக்கு அன்றே புரிந்துவிட்டது, நாக்கு பழகத்தான் வருஷக்கணக்காயிற்று. சமையலறைக்குள் வந்து "காபித்தூள் இல்ல..." என்று இழுத்தால் கையிலிருக்கும் கரண்டியோடு திரும்புவேன். "சரி, சரி, நெறைஞ்சிருக்கு. நெறைஞ்சு வழியுது, போதுமா?" என்பார். போகப் போக அவருக்கும் யோசிக்காமலே வர ஆரம்பித்தது. சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அவர் அகராதியில் 'இல்லை' கிடையாது. வெளியே தாராளமாக உண்டு. அதுவும் நான் ஏதாவது கேட்டால் முதல் பதிலே அதுதான்.

போன மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சில நாள் அது அங்கே இல்லாதது போலவே நடந்துகொண்டேன். பிறகு மகளிடம் சொன்னேன். அவள் மேடவாக்கத்தில் இருக்கிறாள், ஓ.எம்.ஆர். பக்கம் வேலை. மறுநாளே லீவு போட்டுவிட்டு வந்து என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"ரிசல்ட் வரட்டும்மா" என்றார் டாக்டரம்மா. "வேற மாதிரி இருந்தா உடனே அட்மிட் ஆகணும், தள்ளிப்போடக் கூடாது. ஆபரேஷன், அப்புறம் ட்ரீட்மென்ட்டுன்னு கொஞ்ச மாசம் ஆகும். ஒண்ணும் இல்லைன்னா அப்படியே விட்டுடலாம். அதுவரைக்கும் எதையும் நெனச்சுக் கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க என்று சொல்வதற்கு டாக்டர்களுக்குத் தனியாக ஒரு வருஷம் பாடம் நடத்துவார்களோ என்னவோ. எல்லோரும் ஒரே ராகத்தில் சொல்கிறார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போவேனோ என்ற பயம் ஒரு பக்கம். அதை நினைக்க வேண்டாம் என்று இன்னொரு பயத்தைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுஷனுக்கு யார் சோறு போடுவது? அவருக்குச் சர்க்கரை. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், வியர்த்துக்கொட்டும். ஹோட்டல் சாப்பாடு ஒரு வாரம் தாங்காது. சமையலில் அவருக்குத் தெரிந்தது காபி போடுவதும், குக்கரில் சாதம் வைப்பதும். அந்தச் சாதமும் ஒருநாள் கஞ்சியாக இருக்கும், ஒருநாள் அரிசியாக இருக்கும். மகள் ஓடி வருவாள்தான். ஆனால் மேடவாக்கத்திலிருந்து சேலையூர் வரைக்கும் தண்ணி லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வந்து சமைத்துவிட்டு அவள் எப்போது வேலைக்குப் போவாள்?

சாதம் மட்டும் அவர் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் பாட்டிலில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்ய ஒரு வேலை கிடைத்ததும் மூச்சு சற்று சீரானது.

முதலில் இருப்பதைத் தீர்க்க வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஃபிரிட்ஜில் எதுவும் அழுகக்கூடாது. அரைப் பரங்கிக்காய், வாடிப்போன கேரட், துவண்டு கிடந்த சௌசௌ, ஒரு கைப்பிடி கொத்தவரங்காய் எல்லாம் சேர்ந்து அவியலானது. டப்பா அடியில் தங்கியிருந்த பருப்புகளை, எது எவ்வளவு என்று பார்க்காமல், ஒன்றாக ஊறப்போட்டு அடைக்கு அரைத்தேன். புளித்த இட்லி மாவில் வெங்காயத்தை அள்ளிப் போட்டுக் குழிப்பணியாரம் சுட்டேன். அவர் ஒரு வாரம் எதைப் போட்டாலும் மூச்சு விடாமல் சாப்பிட்டார். கொத்தவரங்காய் என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர் அவியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அதுதான் எனக்கு ரொம்பக் கலக்கமாக இருந்தது.

அப்புறம் பொடிகள். பூண்டும் மிளகும் போட்டுப் பருப்புப் பொடி. மாடியில் தொட்டியில் நிற்கும் செடியை ஏறக்குறைய மொட்டையடித்துக் கறிவேப்பிலைப் பொடி. எள்ளுப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி. ரவையை வறுத்து ஆறவைத்தேன். தக்காளியை நல்லெண்ணெயில் சுருளச் சுருளக் கிளறித் தொக்கு செய்தேன். மகள் போனில் கத்தினாள்.

"அம்மா, நீ ஆஸ்பத்திரிக்குப் போறியா, அமெரிக்கா போறியா?"

"அமெரிக்கா போனா உங்கப்பாவையும் கூட்டிட்டுப் போயிடுவேன்டி" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

பக்கத்து வீட்டு அக்கா நடையில் எட்டிப் பார்த்தார். குரோம்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாயின் மனைவி. வயதில் நான்தான் மூத்தவள், ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

"இன்னாக்கா, வறுக்கற வாசனை தெருமுனை வரைக்கும் வருது. ஊருக்குக் கெளம்பிக்கினு கீறியா?"

"ஆமாக்கா, போனாலும் போவேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கேட்காமலே ஒரு கிண்ணம் நிறையத் தொக்கைக் கையில் கொடுத்து அனுப்பினேன். சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

பாட்டில்களைக் கழுவி மொட்டைமாடி வெயிலில் காயவைப்பது அவர் பொறுப்பு. ஈரம் துளி இருந்தாலும் பொடி கெட்டுவிடும் என்று சொல்லியிருந்தேன். ஒரு மத்தியானம் மாடிக்குப் போனபோது, அவர் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து ஏற்கெனவே காய்ந்திருந்த பாட்டிலுக்குள் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மறுபடி மறுபடி துடைத்தார். நான் சத்தம் போடாமல் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

புளிக்காய்ச்சலைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதுதான் ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்கும். சாதத்தில் போட்டுப் பிசைந்தால் தீர்ந்தது வேலை. அது கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து மகளுக்கு மெசேஜ் வந்தது, ரிசல்ட் தயார், வந்து டாக்டரைப் பார்க்கலாம் என்று. "நான் போய்ட்டு வந்துடறேன், நீ வர வேணாம்" என்று இவர் சட்டையை மாட்டினார். நானும் சரி என்றேன். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. இவர் முகம் என்றால் பரவாயில்லை, பழகிய முகம்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஃபிரிட்ஜ் மேல் அவருடைய போன் அடித்தது. மனுஷர் போனை வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்தால் மகள்.

"அப்பா எங்கம்மா? அவர் போனை நீ எடுக்கறே?"

"உங்கப்பா போயிட்டார், போன் இங்கேயே இருக்கு."

"கடவுளே" என்றாள். இனி அவர் திரும்பி வந்தால்தான் விஷயம் தெரியும்.

நான் அடுப்புக்குத் திரும்பினேன். புளிக்காய்ச்சல் கெட்டியாகும் நேரம் அதை விட்டு நகர முடியாது. கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும், கிட்டே நின்றால் கையில் தெறிக்கும். எண்ணெய் பிரிந்து மேலே வர வேண்டும். நான் கிளறினேன், கிளறினேன், வேறெதையும் நினைக்காமல் கிளறினேன். கையில் தெறித்த இடம் எரிந்தது. அந்த எரிச்சல்கூட நல்லதாகத்தான் பட்டது.

கேட் சத்தம் கேட்டது. ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடும் சத்தம். செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் வந்துவிட்டார். நான் திரும்பவில்லை. வாணலியைப் பார்த்தபடியே கேட்டேன்.

"இருக்கா?"

"நெறைஞ்சிருக்கு" என்றார்.

கரண்டி கையிலிருந்து நழுவி வாணலிக்குள் விழுந்தது. என் காதில் ஒரு இரைச்சல். நிறைந்திருக்கிறது. உடம்பெல்லாம் நிறைந்திருக்கிறது. அப்படியென்றால் ஆபரேஷன்கூடக் கிடையாதோ? மேடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினேன். அவர் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது. தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஐயையோ! இல்லடி, இல்ல! இல்லவே இல்ல! ஒண்ணுமே இல்ல! வெறும் கொழுப்புக் கட்டியாம். ஆபரேஷனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாமாம். இல்ல, இல்ல, இல்ல!"

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ அடுப்பாண்ட நின்னுக்கிட்டு இருக்கான்னு கேட்டே. எனக்கு வாய் தானா வந்துடுச்சு. நீ பழக்கின வாய்தானே!"

நான் அழுதேன். அழுகையோடு சிரிப்பும் வந்தது, சிரிப்போடு கோபமும் வந்தது. கரண்டியால் ஒன்று போடலாம் என்று பார்த்தால் அது வாணலிக்குள் மூழ்கியிருந்தது. அவரும் செருப்புக் காலோடு அங்கேயே தரையில் உட்கார்ந்து சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சமையலறையில் ஒரே நாளில் அத்தனை 'இல்லை'யை நான் கேட்டதில்லை. இன்னும் சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள் என்று இருந்தது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பு எரிவது ஞாபகம் வந்தது.

புளிக்காய்ச்சல் லேசாக அடிப்பிடித்திருந்தது. கீழே கிளறாமல் மேலாக எடுத்துப் பாட்டிலில் நிரப்பினேன். ஒரு நாளும் அப்படிப்பட்ட புளிக்காய்ச்சலை நான் பத்திரப்படுத்தியதில்லை. அன்றைக்குக் கொட்ட மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு பல வாரம் எங்கள் வீட்டில் சமையல் என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சாதம் அவர்தான் வைத்தார், கஞ்சியோ அரிசியோ எதுவானாலும் சரி என்று விட்டுவிட்டேன். தட்டில் போட்டு, பொடியைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி என் கையில் கொடுத்தார். நான் பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து, மழையில் நனைந்துகொண்டு போகும் தெருவைப் பார்த்தபடி சாப்பிட்டேன். நான் இல்லாத வீட்டுக்காகச் செய்து வைத்த சாப்பாடு அது. அதை நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் நிம்மதியாக இருந்தது, சில வாய்க்குக் கண் கலங்கியது. பக்கத்து வீட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அடப்பாவி, எங்கிட்ட சொல்லாம இருந்துட்டியேக்கா" என்று தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு அழுதார். அவருக்கு ஒரு பாட்டில் எள்ளுப் பொடி போயிற்று. மகள் வந்தபோதெல்லாம் தொக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

மழை விட்ட ஒரு காலையில் அடிப்பிடித்த புளிக்காய்ச்சலில் சாதம் கிளறி எடுத்துக்கொண்டு திருநீர்மலை போனோம். முட்டி வலி என்று மலைப்பேச்சையே எடுக்காதவர் எனக்கு முன்னால் ஏறினார். தரிசனம் முடித்து இறங்கி வந்து, நிழல் பார்த்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். "தீஞ்ச வாசனை கூட நல்லாத்தான் இருக்கு" என்றார். பொய் சொன்னார். ஆனால் டப்பாவைக் காலி செய்தது உண்மை.

கடைசியாக மிஞ்சியது பருப்புப் பொடிதான். போன வாரம் அதுவும் அடியைத் தொட்டது. இன்னொரு வாய் சாதம் போட்டுக்கொள்ள அவர் தட்டோடு சமையலறைக்கு வந்தார்.

"பொடி இருக்கா?"

நான் பாட்டிலைக் கவிழ்த்து அவர் தட்டில் தட்டினேன். தூசி போல ஏதோ விழுந்தது.

"இல்லை" என்றேன்.

அவர் தட்டைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். தப்பாகக் காதில் விழுந்ததோ என்று நினைத்திருப்பார். நான் இன்னொரு தடவை, சற்று சத்தமாகவே சொன்னேன்.

"இல்லைங்க. ஒண்ணுமே இல்ல."