இசோகாயின் பத்தொன்பது வருஷக் கம்பிகள்

இசோகாயின் பேஸ் கிட்டாருக்கு நான்கு கம்பிகள். அந்த நான்கையும் அவன் பத்தொன்பது வருஷமாக மாற்றவில்லை.

ஜப்பானின் நகோயாவில் ராக் இசை வாசித்துப் பிழைக்கிறவர்களில் பாதிப் பேர் மாசத்துக்கு ஒரு செட் மாற்றுகிறவர்கள். மீதிப் பேர் பழசைக் கழற்றி, பாத்திரத்தில் கொதிக்க வைத்து, துடைத்துத் திரும்பப் போட்டுக்கொள்கிறவர்கள். கொதித்த கம்பி இரண்டு நாளைக்குக் கணீரென்று கத்தும். இசோகாய்க்கு அந்தக் கணீர்தான் ஆகாது. கம்பி சாக வேண்டும் என்பான். செத்த கம்பிதான் தரைக்குள்ளிருந்து பேசும், உயிரோடிருக்கிற கம்பி காதுக்குள் வந்து கத்தும் என்பது அவன் கணக்கு.

ஆளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினெட்டில் கார் சீட் பெல்ட் தைக்கிற ஃபாக்டரிக்குப் போனான், இருபத்து நான்கில் வேலையை விட்டான். அங்கிருந்து கொண்டுவந்தது மூன்று முழம் பெல்ட் நாடா. கிட்டாரைத் தோளில் மாட்ட அதைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறான். கிட்டார் நாலரைக் கிலோ. வலது முழங்கை உரசும் இடத்தில் வார்னிஷ் போய் மரம் தெரியும். ஆம்ப்ளிஃபயர் வால்வு வைத்த பழைய காலத்துப் பெட்டி. அதைப் படியில் ஏற்றி இறக்கித்தான் அவன் இடுப்பு போனது. காலடியில் மிதிக்கிற பெடல் இரண்டே இரண்டு. ஒன்று சுருதி பார்க்க, ஒன்று ஒலியைக் கிழித்துவிட. இப்போது வருகிறவர்கள் ஒரு சூட்கேஸ் நிறையப் பெடலோடு வந்து, மேடையில் குனிந்தபடியே நிற்கிறார்கள், எதையோ தொலைத்தவர்கள் மாதிரி. இசோகாய் நிமிர்ந்து நிற்பான். அவன் பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஆளைத்தான். தோகுராவை.

தோகுரா டிரம்ஸ். இருவரும் சேர்ந்து இருபத்து நான்கு வருஷம். பாடிக்கொண்டே கிட்டாரும் வாசிக்கிற ஹிபினோவோடு மூன்றே பேர் கொண்ட குழு. ஒரே வேனில் ஊர் ஊராகப் போனார்கள், ஒரே அறையில் குறட்டை விட்டார்கள். தோகுரா காலால் அடிக்கிற பெரிய டிரம்முக்குள் ஒரு பழைய கம்பளியைத் திணித்து வைத்திருப்பான். அந்தக் கால் டிரம்மும் இசோகாயின் செத்த கம்பியும் ஒன்றாக விழும்போது, எது டிரம், எது பேஸ் என்று கேட்கிறவனுக்குப் பிரித்துத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. வேறு எதைப் பற்றியும் அவர்கள் பெரிதாகப் பேசிக்கொண்டது கிடையாது.

போன வருஷம் இலையுதிர்காலத்தில் தோகுராவுக்குக் கணையத்தில் நோய் என்று தெரிந்தது. தெரிந்த வாரமே இமாய்கே பக்கம் கமியாவின் ஒலிப்பதிவு ஸ்டூடியோவுக்குப் போய், இரண்டு நாளில் குழுவின் புது ஆல்பத்துக்கான எட்டுப் பாட்டுக்கும் டிரம்ஸ் அடித்து வைத்துவிட்டான். இசோகாய் அந்த இரண்டு நாளும் வேறொரு பாடகிக்கு வாசிக்கப் பக்கத்து ஊரான கிஃபுவுக்குப் போயிருந்தான். ஹிபினோவின் கிட்டார் மட்டும் காதில் ஓட, தோகுரா தனியாகத்தான் அடித்தான். அதன்மேல் இசோகாய் ஏழு பாட்டுக்கு வாசித்து முடித்தான். எட்டாவது பாக்கி இருக்கும்போது ஜனவரியில் தோகுரா போய்விட்டான்.

அந்த எட்டாவது பாட்டுதான் ஐந்து மாசமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. இசோகாய் வாராவாரம் ஸ்டூடியோவுக்குப் போவான். கமியா பாட்டைப் போடுவான். இசோகாய் கிட்டாரை மடியில் வைத்தபடி தோகுரா அடிப்பதை முழுக்கக் கேட்பான். கம்பியைத் தொட மாட்டான். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று எழுந்துவிடுவான். வாசித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் தோகுராவோடு சேர்ந்து வாசிக்க உலகத்தில் ஒரு பாட்டும் மிச்சமில்லை. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஹிபினோ பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜூன் மாசம் வியாழக்கிழமை ஒன்றைக் குறித்துக் கொடுத்தான். அன்றைக்கு வாசிக்கவில்லையென்றால் வேறு ஆளை வைப்பேன் என்றான்.

சரி என்று தலையாட்டினான் இசோகாய். தோகுராவோடு கடைசிப் பாட்டு. அதை அவர்கள் இருவரின் பழைய ஒலியிலேயே வாசித்து முடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிவா போன் பண்ணினாள். அவளும் பேஸ் வாசிக்கிறவள்தான். முப்பத்தெட்டு வயது, விடிகாலையில் ரொட்டிக் கடை வேலை, வாய் மட்டும் இருபத்து நாலு மணி நேரமும் வேலை.

"இசோசான், செத்தேன். படில விழுந்து என் பேஸோட தலையே ஒடஞ்சு போச்சு."

"உன் தலை இருக்குல்ல?"

"அது இருந்து என்ன பண்ண? அதுல கம்பியா இருக்கு?"

அன்றைக்கு ராத்திரி அவளுக்குக் கச்சேரி, நாலைந்து குழுக்கள் சேர்ந்து வாசிக்கிறது. அந்த மாதிரிக் கச்சேரிகளில் கடைசியில் வாசிக்கிற குழுதான் முதலில் மேடையில் ஒலி பார்க்கும். முதலில் வாசிக்கிறவர்கள் கடைசியாகப் பார்ப்பார்கள், வைத்தது வைத்தபடி அப்படியே ஆரம்பித்துவிடலாம் என்று. நிவாவின் குழு அன்றைக்கு முதல். ஒலி பார்த்த கையோடு வாசிக்க வேண்டும். இசோகாய் வேனை எடுத்துக்கொண்டு போய்த் தன் கிட்டாரைக் கொடுத்தான். முடிந்ததும் அவள் வியர்வையில் குளித்து நின்றாள்.

"இப்பிடியே எப்பிடிக் குடுக்க? தொடச்சுக் கொண்டாறேன், புதங்கிழம."

இரவல் வாங்கியதை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவர்களிடம் கிடையாது. ஒரு பெட்டி இனிப்பாவது கூட வரும். இசோகாய் அப்படி ஏதோ வரும் என்றுதான் நினைத்தான்.

புதன்கிழமை ரொட்டிக் கடைக்கு லீவு. காலை ஏழரைக்கே நிவா அவன் அறைக்கு வந்து நின்றாள்.

"கண்ண மூடுங்க இசோசான்."

"எதுக்கு? கடிக்கப் போறியா?"

"மூடுங்கன்னா மூடணும்."

உறையைத் திறந்து அவள் கிட்டாரை அவன் மடியில் வைத்தாள். கண்ணைத் திறந்தான். நான்கு கம்பியும் வெள்ளிக் கரண்டி மாதிரிப் பளபளத்தன.

"உங்க ரகமேதான், தட்டைக் கம்பி சுத்தினது. நாலு கட ஏறி எறங்கி வாங்கினேன். பழசப் பாத்தேன். கறுத்துப் போயி, அழுக்கு அப்பிக்கிட்டு… கொதிக்க வெச்சாலும் தேறாது. நீங்கல்லாம் மனுஷன்தானா?"

இசோகாய் கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தட்டினான். பியானோ மாதிரி மணியடித்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"பழசு எங்க?"

"குப்பையில."

"எந்தக் குப்பை?"

"எரியாத குப்பை. மாசத்துக்கு ஒரு நாள்தான் எடுப்பாங்க, அது இன்னிக்குத்தான். வரும்போதுதான் வெளிய வெச்சேன். ஏன் இசோசான்? என்னாச்சு?"

அவன் அதற்குள் வேன் சாவியை எடுத்திருந்தான்.

போகிற வழியில் பாதி வார்த்தையில் சொன்னான். பத்தொன்பது வருஷம். தோகுரா. நாளைக்கு எட்டாவது பாட்டு. நிவா வாய் மூடி உட்கார்ந்திருந்ததை அவன் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தான். சிக்னலில் நின்றபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"சொல்லித் தொலைக்கலாம்ல! 'கம்பியத் தொடாத'ன்னு ரெண்டு வார்த்த!"

"பேஸ் வாசிக்கிறவகிட்ட என்னன்னு சொல்றது? இவ்வளவு நாளா மாத்தலன்னா சிரிப்பீங்க."

"சிரிச்சிருப்பேன். தொட்டிருக்க மாட்டேன்."

நிவாவின் தெரு முனையில் எரியாத குப்பைக்கான பச்சை எழுத்துப் பைகள் வரிசையாக இருந்தன. லாரி இன்னும் வரவில்லை. காவலுக்கு நின்ற பக்கத்து வீட்டுக்காரர், இந்த வாரக் குப்பை முறைக்காரர், துடைப்பத்தோடு வந்தார்.

"கட்டின பைய அவுக்கக் கூடாது தெரியும்ல?"

"என் பைதான் மாமா."

"பை உன்னதுதான். வெளிய வெச்சதும் அது ஊர்க் குப்பை. லாரி வந்தா அவன் ஏங்கிட்டதான் கத்துவான்."

நிவா ரோட்டில் முட்டி போட்டுப் பையைக் கவிழ்த்தாள். உடைந்த குடை, வாணலி மூடி, அதற்கடியில் ஒரு காகிதப் பொட்டலம். இசோகாய் பிரித்தான். நான்கு கம்பிகளும் இருந்தன, எட்டுத் துண்டாக. கழற்றச் சுலபம் என்று நடுவில் கட்டிங் பிளேயரால் வெட்டியிருந்தாள். எல்லோரும் அப்படித்தான் கழற்றுவார்கள். அவனே மற்றவர்களுக்கு அப்படித்தான் கழற்றிக் கொடுத்திருக்கிறான்.

அவன் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குடையையும் மூடியையும் பைக்குள் திணித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். முறைக்காரர் பையைத் தானே கட்டிக்கொடுத்தார்.

மத்தியானம் அவன் அறைக்கு நிவா மறுபடி வந்தாள். கையில் இரண்டு பை நிறையப் பொரித்த கோழி இறக்கை. அந்த ஊர் ஆட்கள் மிளகும் இனிப்புக் குழம்பும் பூசித் தின்கிறது.

"கைய தொடைக்காமத் தின்னுங்க. தின்னுட்டு வாசிங்க. கொழுப்பு ஏறினா கம்பி மங்கும். பழைய ஆளுங்க பண்ணியிருக்காங்க."

"பத்தொன்பது வருஷத்த ஒரே நாள்ல தின்னு தீத்துரலாம்னு பாக்குற."

"நாப்பது துண்டு இருக்கு. பாதி தூரமாவது போவோம்."

தின்றார்கள். ஒருவர் தின்ன மற்றவர் வாசித்தார். கிட்டாரின் கழுத்து முழுக்கப் பிசுபிசுவென்று ஆனது. நாடாவில் குழம்பு ஒழுகியது. வாய் எரிந்தது. சாயங்காலம் வாக்கில் கம்பி கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. கொஞ்சம்தான். கணீர் என்பது ணங் என்று ஆகியிருந்தது.

"எப்பிடி?" என்றாள் நிவா.

"கோழி வாசன வருது."

"தோகுராசான் வாசன வரலயா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. இசோகாய் தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கமியா கிட்டாரைத் தொட்டுவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தான். ஹெட்ஃபோனை நீட்டினான். நிவா வரவில்லை. வரட்டுமா என்று கேட்டதற்கு இசோகாய் வேண்டாம் என்றிருந்தான்.

பாட்டு ஓட ஆரம்பித்தது. தோகுரா குச்சியால் நான்கு தட்டினான். இசோகாய் நுழைந்தான்.

முதல் அடியிலேயே பிரிந்துவிட்டது. கால் டிரம் ஒரு பக்கம், பேஸ் ஒரு பக்கம், தனித்தனியாக நின்றன. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் மாதிரி. நிறுத்திவிடலாம் என்று நினைத்தான். ஆனால் நிறுத்தக் கை வரவில்லை, உள்ளே தோகுரா அடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சரணத்துக்குப் போகிற இடத்தில் இசோகாயின் இடது கை கிட்டார்க் கழுத்தின் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிக்குத் தாவ வேண்டும். நீளத் தாவல். எத்தனை வருஷம் வாசித்தாலும் அந்த மாதிரி இடத்தில் அவன் ஒரு மயிரிழை பிந்துவான். அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தான், பழைய கம்பியின் மங்கலில் எல்லாம் மூடிப் போய்விடும். இன்றைக்கு மூடாது. புதுக் கம்பி காட்டிக் கொடுத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தாவினான், பிந்தினான்.

தோகுராவின் காலும் பிந்தியது.

அதே மயிரிழை. இசோகாய் கை தடுமாறாமல் வாசித்துக்கொண்டே போனான், ஆனால் காது அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த தாவல் வந்தது. அங்கேயும் தோகுரா காலை ஒரு நொடியின் துளி நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் போட்டான். பேஸே இல்லாத அறையில், கூட ஆளே இல்லாமல், உடம்பில் நோயை வைத்துக்கொண்டு அடித்தவன், கிஃபுவில் இருந்தவன் வந்து சேருகிற வரைக்கும் ஒவ்வொரு இடத்திலும் காலைத் தூக்கியபடி இருந்திருக்கிறான். இருபத்து நான்கு வருஷத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏழு பாட்டு வாசித்தபோதும் இசோகாய்க்குக் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே விழுந்ததால் கேட்கவில்லை. வாராவாரம் வாசிக்காமல் கேட்டபோது, பிந்துகிற தன் கை அங்கே இல்லாததால் கேட்கவில்லை.

பாட்டு முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கமியா கட்டைவிரலைத் தூக்கினான்.

"நல்லா வந்துருக்கு இசோசான். சத்தம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு, ஹிபினோ திட்டுவான். வாசிச்சது சரியா இருக்கு. வெச்சுக்கலாமா?"

இசோகாய் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தான்.

"இன்னொரு வாட்டி போடு."

"எங்க தப்பு?"

"தப்பு ஒண்ணுமில்ல. போடு."

கமியா போட்டான். நான்கு தட்டு. இசோகாய் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு, தாவல் வரும் இடத்துக்காகவே வாசித்தான். வந்தது. தோகுரா காலைத் தூக்கினான். இசோகாய் போய்ச் சேர்ந்தான்.

மத்தியானம் வரைக்கும் பதினோரு தடவை வாசித்தான். ஐந்தாவது தடவைக்கு அப்புறம் கமியா காரணம் கேட்பதை விட்டுவிட்டான். அந்தப் பதினொன்றில் எதைப் பாட்டில் சேர்த்தார்கள் என்று இசோகாய் ஹிபினோவிடம் கேட்கவே இல்லை.