லட்சுமிநாராயணனுக்காகக் கவிழ்த்த சீட்டு

செல்போனில் சீட்டாடும் பையன்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதிரே ஆள் இல்லை, ஆளின் முகம் இல்லை, நடுவில் டீ இல்லை, "ஏண்டா அந்தச் சீட்டைப் போட்ட?" என்று சட்டையைப் பிடிக்க ஒரு நாதி இல்லை. இது ஒரு ஆட்டமா? ஆட்டம் என்றால் தொண்ணூறுகளில் பழங்காநத்தத்தில் நாங்கள் ஆடியது. ஆட்டக்காரன் என்றால் லட்சுமிநாராயணன். அவன் பேச்சை எடுத்தாலே என் வீட்டில் ஆளுக்கொரு வேலையாக எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது கொஞ்சம் உட்காருங்கள்.

பழங்காநத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் எங்கள் மனமகிழ் மன்றம் இருந்தது. பேர்தான் மன்றம். ஒரு ஹால், நாலு மேசை, சுற்றினால் முனகுகிற ஒரு ஃபேன். கீழே பங்க்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசம் படியேறி மேலே வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் அடித்தால் சாயங்காலம் ஆகிவிட்ட மாதிரி இருக்கிறது, கடையை அடைத்துவிட்டு ஓட வேண்டும் போல இருக்கிறது. எங்கே ஓட? அந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடையும் பல் டாக்டரும் இருக்கிறார்கள்.

ஜன்னலோர மேசை எங்களுடையது. நான் பெயிண்ட் கடை சின்னச்சாமி. எனக்கு இடப்பக்கம் மருந்துக்கடை பால்பாண்டி. எதிரே ஜெயபாண்டி, பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், திருமங்கலத்துக்காரன். எங்களோடு ரெண்டு மணி நேரம் ஆடிவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறுவான். நாலாவது ஆள் லட்சுமிநாராயணன். சௌராஷ்டிரக்காரன், தெப்பக்குளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவன், ஒரு மில் ஆபீஸில் கிளார்க். எங்கள் ஆட்டம் பதிமூணு சீட்டு ரம்மி. கையிலிருக்கும் சீட்டை வரிசை வரிசையாகச் சேர்த்து முதலில் விரித்துக் காட்டுகிறவன் ஜெயித்தான்; மற்றவர்கள் கையில் சேராமல் நிற்கும் சீட்டின் புள்ளிக்குத் தகுந்த காசை அவனுக்குக் கொடுக்க வேண்டும். கை தேறாது என்று தெரிந்தால் சீட்டை மேசையில் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்கு ஸ்கூட் என்று பேர். நஷ்டம் கொஞ்சத்தோடு போகும்.

சும்மா சொல்லக்கூடாது, அவன் ஆட்டமே தனி. நாங்கள் எங்கள் சீட்டைப் பார்த்து ஆடுவோம், அவன் எங்களைப் பார்த்து ஆடுவான். நான் எதை எடுத்தேன், எதைக் கழித்தேன், எந்தச் சீட்டைக் கழிக்கும்போது யோசித்தேன், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நல்ல கை வந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ புலம்புவான். ஐயோ பாவம், கை மோசம் போல என்று நாங்கள் நம்பி உட்கார்ந்திருப்போம். அடுத்த நிமிஷம் சீட்டை விரித்துவிட்டுச் சிரிப்பான். அந்தப் புலம்பல் பொய் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆனது. கண்டுபிடித்த பிறகு கை நிஜமாகவே மோசமாக வந்தால் புலம்ப ஆரம்பித்தான். இப்படி ஒரு பயலை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ரெண்டாயிரமாவது வருஷம், பங்குனி வெயில். மில்லில் விருப்ப ஓய்வு அறிவித்தார்கள். எழுதிக் கொடுத்தால் ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு லட்சுமிநாராயணன் ஒரு பெட்டி ஜாங்கிரியோடு மாடியேறி வந்தான். மகள் ஸ்ரீவர்ஷினி பரீட்சையில் ஏதோ வாங்கிவிட்டாள் போல என்று ஆளுக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டோம்.

"எழுதிக் குடுத்துட்டேன்டா. இனிமே எனக்கு இதுதான் வேலை."

"எது?" என்றான் பால்பாண்டி, வாயில் ஜாங்கிரியோடு.

"சீட்டு."

ஜெயபாண்டிக்குப் புரை ஏறிவிட்டது. "கிறுக்குப் பிடிச்சிருச்சா மாப்ள? சீட்டாடிச் சோறு திங்கப் போறியா? எம்புட்டுப் பேரு வேலை கெடைக்காம அலையுறான்!"

"எனக்கு ஆட்டம் தெரியுமா தெரியாதா? அதைச் சொல்லு."

"தெரியும். அதுக்காக?"

"அங்க நான் யாருடா? வந்தவன், வராதவன் பேரை எழுதுறவன். பதினெட்டு வருசமா எழுதுறேன். நாளைக்கு நான் வரலைன்னா என் பேரை இன்னொருத்தன் எழுதுவான், அம்புட்டுதான். இந்த மேசையில உக்காந்தா மட்டும்தான் நானும் ஒரு ஆளுன்னு தோணுது."

பெயிண்ட் டப்பாவைத் தட்டித் தட்டி மூடுகிற எனக்கு அது புரியாதா? அவன் திட்டம் இதுதான்: ஒரு மாதம் லீவு போட்டுவிட்டான். அந்த மாதம் எங்களோடு ஆடி, வீட்டுச் செலவைச் சீட்டிலேயே சமாளித்துக் காட்டுவது. சமாளித்துவிட்டால், மில் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருமங்கலத்தில் பருத்தி வியாபாரிகள் ஆடும் பெரிய மேசைக்குப் போவது. மனசு மாறினால் மாதம் முடிவதற்குள் மில்லில் சொல்லி எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். "மாறாது," என்று அவனே சொல்லிக்கொண்டான்.

ரெண்டு நாள் கழித்து ஹம்சவேணி என் கடைக்கு வந்தாள். அவன் மனைவி. கையில் காய்கறிப் பை, முகத்தில் வேர்வை. அழுவாள் என்று பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் அழவில்லை, உட்காரவும் இல்லை.

"அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. இவரு நெசமாவே அம்புட்டு நல்லா ஆடுவாரா?"

"ஆடுவான்மா. மதுரையில அவனை அடிக்க ஆள் இருக்கானான்னு எனக்குத் தெரியல."

"அப்ப தோக்குறது யாரு?"

என்னத்தைச் சொல்ல? "நாங்கதான்மா," என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் கடையில் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப இனிமே எங்க வீட்டுக்குப் படியளக்குறது நீங்கதான்னு சொல்லுங்க. வாரேண்ணே," என்று போய்விட்டாள். குத்திக் காட்டவில்லை, சண்டைக்கும் வரவில்லை. விஷயம் இன்னதென்று தெரிந்துகொண்டு போனாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க வியாபாரம் ஓடவில்லை.

அன்று சாயங்காலம் ஆட உட்கார்ந்தபோதுதான் அவள் என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று தெரிந்தது. நல்ல கை. ரெண்டு சீட்டு வந்தால் முடிந்தது. வலப்பக்கத்தில் லட்சுமிநாராயணன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முன்பெல்லாம் அவனை ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால் நான் மேசையைத் தட்டிக் கும்மாளம் போடுவேன், ஒரு வாரம் சொல்லிச் சொல்லிக் காட்டுவேன். இப்போது அந்த ரெண்டு சீட்டு வந்துவிடக் கூடாதே என்று இருந்தது. வராவிட்டால் நான் தோற்பேன், வந்தால் ஸ்ரீவர்ஷினிக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கிடையாது. இந்தக் கணக்கோடு எவனால் சீட்டாட முடியும்? கவிழ்த்துவிட்டேன்.

மறுநாளும் கவிழ்த்தேன். ஒன்று ரெண்டு ஆட்டம் தோற்றேன், மற்றதெல்லாம் ஸ்கூட். லட்சுமிநாராயணன் ஜெயித்துக்கொண்டே இருந்தான். முகமெல்லாம் அப்படி ஒரு களை. "பாத்தீங்களாடா? வேலையை மனசுல இருந்து எறக்கி வச்சதும் கை எப்படி வருதுன்னு பாத்தீங்களா?" என்றான். ஜெயபாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பால்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவர்களும் என்னைப் போலவே நல்ல கையைத்தான் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் ஒருத்தன்தான் இந்த நல்ல காரியத்தைச் செய்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மூன்று முட்டாள்கள், ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்கொள்ளாமல்.

அந்த வாரத்துச் சனிக்கிழமை. நான் எடுத்த சீட்டு என் கையை அப்படியே சேர்த்துவிட்டது. பதிமூணும் வரிசையாக நிற்கிறது. விரித்துக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. நான் காட்டவில்லை. வேண்டாததை ஒன்றும் தெரியாதவன் போலக் கழித்தேன். மறுபடி என் முறை வந்தபோது, "நமக்குத் தேறாதுப்பா," என்று சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

லட்சுமிநாராயணன் அவன் சீட்டைக் கீழே வைத்தான். எங்கள் மன்றத்தில் கவிழ்த்த சீட்டை அடுத்தவன் தொடக் கூடாது. அது பெரிய தப்பு, அதற்காகக் கைகலப்பே நடந்திருக்கிறது. அவன் எட்டி என் சீட்டை எடுத்துத் திருப்பி, ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினான். பரப்பும்போதே அவன் முகம் வற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

"என்னடா இது?"

"கவனிக்கல மாப்ள..."

"கவனிக்கலையா? அந்தச் சீட்டைச் சொருகினதுக்கப்புறம் உன் விரலே அசையலடா. அதுவரைக்கும் மாத்தி மாத்தி அடுக்கிக்கிட்டு இருந்த. சேந்த கையைத்தான் எவனும் மாத்தி அடுக்க மாட்டான்." சொல்லிவிட்டுப் பால்பாண்டி பக்கம் திரும்பினான். பால்பாண்டியும் அந்த ஆட்டத்தில் ஏற்கெனவே கவிழ்த்திருந்தான். லட்சுமிநாராயணன் கை நீட்டுவதற்குள் அவன் தன் சீட்டை அவசரமாகக் கட்டுக்குள் சொருகிவிட்டான். அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"வாரம் பூராவும் வீட்டுல போய்ப் பெருமையடிச்சுக்கிட்டு இருந்தேன்டா. அவகிட்ட. என் மககிட்ட." குரல் உடைந்தது. "பிச்சையாடா போட்டீங்க எனக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "ஆமாடா! வேற என்ன பண்ணச் சொல்ற? விளையாட வந்தவன்கிட்ட ஜெயிக்கலாம். உன் வீட்டு உலையில கையை விட்டு அரிசியை அள்ளுன்னா எப்படிடா அள்ளுறது? நீ ராசா மாதிரி ஆடுவ. எங்களுக்கு அதுக்கப்புறம் ஆட்டமே வரல. எங்க ஆட்டத்தையும் சேத்துல்ல நீ ராஜினாமா பண்ணிட்ட!"

அவன் எழுந்து படியிறங்கிப் போனான். அவனுக்கு வந்த டீ மேசையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. திருமங்கலத்துப் பெரிய மேசையில் அவனைப் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான், இல்லவே இல்லை என்று இன்னொருத்தன் சொன்னான். ஜெயபாண்டி அந்த ஊரிலேயே இருக்கிறவன், போய்ப் பார்த்துவிட்டு வரலாம். "பாத்துட்டா என்ன பண்றது?" என்று போகாமலே இருந்தான். மூன்று பேராக ரெண்டு நாள் ஆடிப் பார்த்தோம். விளங்கவில்லை. யாரும் புலம்பாத ஆட்டம் என்ன ஆட்டம்? நாங்கள் ஒழுங்காக ஆடியிருந்தால் அவன் பெரிய ஆட்டக்காரனாகி இருப்பானோ, அவன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று வீட்டில் படுத்துக்கொண்டு யோசிப்பேன். ஹம்சவேணியை மார்க்கெட்டில் கண்டு, நான்தான் வேறு சந்துக்குள் நுழைந்துவிட்டேன். அந்த நாட்களில் எனக்கு அவன் மேல் அப்படி ஒரு ஏக்கம். ஆம்பிளைக்கு ஆம்பிளை இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்ல?

வைகாசி மாத முதல் வாரம், ஏப்ரல் முடிந்து மே மாதமும் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு சாயங்காலம் படியில் சத்தம் கேட்டது. லட்சுமிநாராயணன் வந்தான். யாரையும் பார்க்காமல் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"போடுங்கடா," என்றான்.

வேலையை விட்டுவிட்டானா, போகிறானா? மில்லில் கொடுத்த கெடு முடிந்து நாளாகிவிட்டது. கேட்க மூன்று பேருக்கும் வாய் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது, அதுதான் அவனுடைய திறமையே. பால்பாண்டி சீட்டைப் போட்டான்.

என் ஜாதகம் அப்படி. நாலாவது சுற்றில் இஸ்பேட் ராணி வந்து என் கையைச் சேர்த்துவிட்டாள். மீனாட்சி, இப்படியா சோதிப்பே என்று நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தேன். லட்சுமிநாராயணன் அவன் சீட்டைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவிழ்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், இந்த மாடிக்கு இனிமேல் வரமாட்டான். விரித்தால், வேலையை விட்டவனாக இருந்தால், நாளைக்கு அவன் வீட்டில் அடுப்பு எப்படியோ. விரலைச் சும்மாவாவது அசைக்கலாம் என்று பார்த்தால் அதுவும் அசைய மாட்டேன் என்கிறது.

விரித்தேன். சீட்டு மேசையில் ஒழுங்காகக்கூட விழவில்லை.

அவன் கையில் ஒரு வரிசைகூடச் சேர்ந்திருக்கவில்லை. அத்தனை புள்ளியும் அவன் தலையில். அவன் என் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து நின்றான்.

"அடப்பாவி! நீ வெளங்குவியாடா? மாசக் கடைசியில மனுசனை இப்படியா அடிப்ப? மில்லுல சம்பளம் போட இன்னும் பத்து நாளு கெடக்குடா!"

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஜெயபாண்டி சீட்டை அள்ளுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடுவேனா? மேசையை ஓங்கித் தட்டினேன்.

"சம்பளக்காரனுக்கு என்னடா அழுகை? எடுத்து வை!"