அந்நியர் உதவி

மெத்தோதிக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். முதுகுக்குப் பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்று கண்ணாடியில் பார்த்தே பழகியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. சந்தேகத்துக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

டான்யூப் கரையில் நான்காம் மாடி வீடு. இத்தாலியில் யார் யாரோ கிழவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை நெவேனா, அந்த வேலையை விட்டுவிட்டு வந்து இவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஊனமுற்றோர் பென்ஷன் மருந்துக்கே பற்றாது. கூட ஆள் வேண்டும் என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தால் உதவிப் படியும் சேர்ந்து வரும், அவள் தங்கலாம். இல்லாவிட்டால் மறுபடி இத்தாலிதான்.

“ரெண்டையும் சேர்த்துக் குடுப்பானாமா? இதைக் காட்டி அதைப் புடுங்கிருவான்” என்றார் மெத்தோதி. சேர்த்து வாங்கலாம் என்று நெவேனா சட்டத்தையே வாசித்துக் காட்டினாள். நடுவில் எதையாவது முழுங்குகிறாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழு கூடிய அன்று தங்கையை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டார். உள்ளே டாக்டரம்மா சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள்? பேனாவைக் கீழே போட்டு, எந்தக் கையால் எடுக்கிறோம் என்று பார்ப்பார்களாம்; கீழ் வீட்டுக்காரன் சொல்லியிருந்தான். மேஜைப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. டாக்டரம்மா படிவத்தில் எழுதியிருந்த வார்த்தைகளை அப்படியே கேட்டாள்: “அந்நியர் உதவி தேவைப்படுதா?”

இதோ குழி வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தார். ஆமாம் என்றால், ஆள் வைக்க வசதி இருக்கிறதே என்று பென்ஷனை நிறுத்திவிடுவார்கள்.

“என் வாசப்படிய எந்த அந்நியனும் மிதிச்சதில்ல, டாக்டரம்மா. எல்லாம் என் தங்கச்சிதான்.”

அப்படியானால் வேண்டாமா என்று அவள் மறுபடி கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றார். தப்பித்துவிட்ட பெருமையோடு வீடு திரும்பினார்.

தீர்ப்பு தபாலில் வந்தது. பென்ஷன் தொடரும், அந்நியர் உதவி தேவையில்லை. நெவேனா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணே, ஆபீஸ் பாஷையில உன்னைத் தவிர எல்லாரும் அந்நியர்தான். நம்ம அம்மாவே வந்து பொத்தான் போட்டாலும் அது அந்நியர் உதவிதான்.”

அன்றைக்கே மேல்முறையீடு எழுதி அவர் முன்னால் வைத்தாள். அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு கேட்டார்: “இது மட்டுந்தானா? அடியில வீட்டுப் பத்திரம் ஏதும் இல்லையே?”

பாவி மனுஷன். யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்டார்!

நெவேனா பேனாவை அவருடைய இடது கையில் வைத்தாள். கையெழுத்துப் போட்டார். மறுநாள் அதைத் தபாலில் சேர்த்தாள். அந்த வாரமே இத்தாலிக்குக் கிளம்பினாள்.

நான்கு மாதம் கழித்துப் புதுத் தீர்ப்பு வந்தது. மெத்தோதி உடனே போன் செய்தார். “ரெண்டும் சேர்ந்தே கிடைச்சிருச்சு. வந்துடு, நெவேனா.”

“ரொம்ப நல்லதுண்ணே” என்றாள் அவள். “நல்ல ஆளாப் பாத்து வெச்சுக்கோ.”