ஏழு மணிக்கு மேல் போகாத முள்

மகள் இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்தபோது தார்நாகாவில் டியூஷன். அங்கிருந்து ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டுக்குப் பெரியவர்கள் துணையில்லாமல் பஸ்ஸில் திரும்ப வேண்டும். அவள் வந்து சேரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆபீஸில் ஆஸ்பத்திரிகளுக்கு இணையப் படிவங்கள் செய்துகொண்டிருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தால் படிவத்தைத் தானே வரைந்துவிடும் ஒரு மென்பொருள் லைப்ரரி எங்களிடம் இருந்தது. அதில் இல்லாத பதில் பெட்டிகளையும், எந்தப் பதில் செல்லும் என்ற விதிகளையும் எழுதிச் சேர்ப்பது என் வேலை. நோயாளியின் ரத்த வகைக்கு ஒரு பெட்டி செய்த கையோடு, மகளுக்கும் ஒரு படிவம் செய்தேன்.

டியூஷன் முடிந்ததும் போனில் அதை அவள் நிரப்ப வேண்டும். யாருடன் வருகிறாய் என்பதற்கு, எனக்குத் தெரிந்த இரண்டு தோழிகள் மட்டுமே. வீடு சேரும் நேரத்துக்கு ஒரு கடிகாரம் வரைந்தேன். விரலால் முள்ளைத் திருப்பலாம், ஏழுக்கு மேல் நகராது. அவள் எங்கே இருக்கிறாள் என்று போனை ஓயாமல் கேட்கும் பெட்டியும் உண்டு. எல்லாம் சரியென்றால் படிவம் பச்சையாகி, ‘பத்திரம்’ என்று காட்டும்.

"எங்க பேக்டரி கேட்ல செக்யூரிட்டிகூட இவ்ளோ கேக்க மாட்டான்" என்றார் கணவர்.

ஒரு மாலை பெருமழை. ஆபீஸில் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சமோசா சாப்பிட்டேன். போக்குவரத்தில் நீந்தி நான் வீடு சேர ஒன்பது ஆகிவிட்டது.

"பாப்பா எங்கங்க?"

"வந்துட்டாளே. கம்ப்யூட்டரப் பாரு, பச்சையா இருக்கு."

"நீங்க பாத்தீங்களா?"

"பச்சையா இருக்கும்போது எதுக்குப் பாக்கணும்?"

அறை அறையாகத் தேடினோம். பீரோவுக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். அவர் திரும்பி வந்து பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தார். மறுபடியும் பச்சை. அவள் போன் அணைந்திருந்தது. குடையில்லாமல் தெருவில் போய் நின்றேன். கண்ணில் பட்ட ஒவ்வொரு ஆட்டோவையும் நிறுத்தி உள்ளே குனிந்து பார்த்தேன்.

ஒன்றிலிருந்து அவளே இறங்கினாள், சொட்டச் சொட்ட.

"பஸ்ஸே வரலம்மா. யாரோ ஒரு ஆன்ட்டிகூட ஷேர் ஆட்டோல வந்தேன்."

"அப்புறம் எதுக்குடி ஏழு மணின்னு போட்ட?"

"ஏம் சேயனு அம்மா!" வேறென்ன செய்வது என்பதைக் கோபத்தில் தெலுங்கில்தான் கேட்பாள். "முள்ளு ஏழுலயே ஒட்டிக்கிச்சு. தனியா வரேன்னு சொல்ல எடமே இல்ல. எதப் போட்டாலும் நக்கோ, வேணாம்னு செவப்பாகுது. சரின்னு அதுக்குப் புடிச்சதையே போட்டேன். அதுக்குள்ள உன் ஃபார்ம் பேட்டரியத் தின்னுடுச்சு."

கணவர் துண்டோடு வாசலுக்கு வந்தார். "இப்ப மறுபடியும் ரொப்பு பாப்பா. நெஜமாவே பச்சையாகட்டும்."

"மணி ஒம்பது டாடி. ஒத்துக்காது."



மறுநாள் எல்லாப் பெட்டிகளையும் விதிகளையும் பிடுங்கிப் போட்டு, எதை எழுதினாலும் ஏற்கும் வெற்றுக் கட்டம் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். மாலையில் அதில் வந்தது: ‘பஸ்ல நிக்கிறேன். பக்கத்துல ஒரு தாத்தா கோழி வெச்சிருக்காரு.’

இதை எந்த விதியை வைத்துச் சரிபார்ப்பது? போன் செய்தேன். எடுத்ததும் முதலில் கோழிதான் பேசியது.